பிலோமினம்மாவின் பெயரில் ஒரு பாக்டீரியா

முதற்கண்டோர் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகங்களில் தேடாதீர்கள், அகப்படாது. கோயில் மண்டபத்தில், செத்த வீட்டில், வாட்ஸ்அப் குழுவில், பலசரக்குக் கடை வரிசையில் தேடுங்கள். தேடவும் வேண்டாம், நீங்கள் பேசாமல் நின்றாலே போதும், அது தானாக உங்களிடம் வரும். ஆண், பெண் என்ற பேதமில்லை. எந்தக் குளிரையும் தாங்கும். மொன்றியலில் ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில், மூக்கு இன்னும் முகத்தில்தான் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நீங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பக்கத்தில் வந்து, கழுத்துத் துண்டை வாய்க்குக் கீழே இறக்கி, "உங்களுக்கு விஷயம் தெரியாது போல" என்று தொடங்குகிறவர் இருக்கிறாரே, அவர் இந்த இனத்தவர்.

இவரை வம்பளப்பவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வம்பளப்பவருக்கு விஷயம் முக்கியம். இவருக்குத் தேதி முக்கியம். ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் ஒரு கடையில் நல்ல பாரை மீன் வருகிறதென்று நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டால், மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "அந்தக் கடையோ? அது நான் கண்ட கடையெல்லோ" என்பார். கடைக்காரர், தான்தான் கடையைத் திறந்ததாக இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம். புதிய ரயில் ஆற்றைக் கடந்து ஓடத் தொடங்கியபோது முதல் நாளே ஏறியவர் இவர். அந்த வழியால் ரயில் வரும் என்று அதற்குப் பத்து வருடம் முந்தியே சொன்னவரும் இவர். யாரிடம் சொன்னார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். செத்த வீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்த நேரம் பார்த்து, "ஆளைப் போன மாதம் பூசையிலை கண்டனான், அப்பவே எனக்கு விளங்கிட்டுது" என்பார். விளங்கியதை அப்போதே சொல்லியிருந்தால் ஆளை ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோயிருக்கலாம். அது வேறு விஷயம்.

பெரும்பாலான முதற்கண்டோர் இதைப் பொழுதுபோக்காகத்தான் செய்கிறார்கள். இதையே உத்தியோகமாகச் செய்கிறவர் எங்கள் நகரத்தில் ஒருவர் உண்டு. பெயர் வின்சன்ட். பிறந்தது மன்னார், வீடு பியர்பொன்ட்ஸ், வேலை டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில். வேறு எந்த உயிரும் இருக்க விரும்பாத இடங்களில் முளைக்கும் செடிகளைப் பிடுங்கி வந்து, அவற்றின் வேருக்குள் இதுவரை யாரும் காணாத பாக்டீரியா ஏதும் குடியிருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. எந்தப் புண்ணியவான் இந்த வேலைக்கு இந்த மனிதரைப் பொறுக்கி எடுத்தானோ தெரியாது. கள்ளுக் குடிக்கிறவனைக் கள்ளுக்கடைக்குக் காவல் வைத்த மாதிரி.

அவர் தேடுவது அக்டினோபாக்டீரியா என்ற வகை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், உங்களுக்கு நன்றாகப் பழக்கமானவைதான். பூஞ்சணம் போல இழை இழையாக வளர்ந்து, மாவு தூவிய மாதிரி வட்டம் வட்டமாகப் படரும். நாம் விழுங்குகிற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பத்தின் உபயம். மழை விழுந்ததும் நிலத்திலிருந்து எழும்புகிற அந்த வாசனையும் இவற்றின் வேலைதான். மண்வாசனை, மண்வாசனை என்று கவியரங்கத்தில் ஏறி எத்தனை பேர் மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள், நினைத்துப் பாருங்கள். அவர்கள் பிரிந்து வாடியது ஒரு பாக்டீரியாவைத்தான் என்பதை முதன்முதலில் அவர்களுக்குச் சொன்னவர் வின்சன்ட். கவியரங்கத்துக்கு அதன் பிறகு அவரைக் கூப்பிடுவதில்லை.

வருடக்கணக்காகத் தேடினார். கைவிட்ட சுரங்கங்களின் குப்பைமேட்டில் ஏறினார், வடக்கே மரமே முளைக்காத பாறை வெளியில் நுளம்புக்கு இரத்தம் கொடுத்தார், குளிர்காலமெல்லாம் உப்புக் கொட்டிய நெடுஞ்சாலை ஓரத்தில் குனிந்து புல் பிடுங்கி, இரண்டு முறை பொலிஸ்காரருக்கு விளக்கம் சொன்னார். ஒன்றுமே அகப்படவில்லை என்று சொல்ல முடியாது. அகப்பட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் பார்த்து, சோதித்து, எழுத உட்காருகிற நேரத்துக்கு, உலகத்தின் வேறொரு மூலையில் இருக்கும் யாரோ அதே உயிருக்குப் பெயர் சூட்டி அச்சிலும் போட்டிருப்பார்கள். வின்சன்ட் அதற்கு மனம் உடைகிற ஆளில்லை. "நான் முதல் கண்டது. அவங்கள் முதல் எழுதினது. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். மனைவி கிறேஸ் இதைக் கேட்கும்போதெல்லாம் சமையலறைக்குள் போய்விடுவார்.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. புதிய உயிரைக் கண்டுபிடித்தவர் அதற்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது வெட்கக்கேடு. சட்டம் தடுக்காது, சக விஞ்ஞானிகள் சிரிப்பார்கள். தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொடுத்தால் தாங்கியைவிடப் பெரிய எழுத்தில் பெயர் போடுகிற நம்மவருக்கு இதைவிட அநியாயம் வேண்டுமா? ஆகவே வின்சன்ட் என்ன செய்தார் என்றால், பெயரை மற்றவர்களுக்கு வாக்குக் கொடுக்கத் தொடங்கினார். உயிர் அகப்பட முன்னமே.

முதல் வாக்கு அக்கா பிலோமினம்மாவுக்கு. அது விளையாட்டு இல்லை. வின்சன்ட் வேறு எதில் புளுகினாலும் அக்கா விஷயத்தில் அவர் மனம் பொய் சொன்னதில்லை. சண்டைக் காலத்தில் முதலில் இங்கே வந்து சேர்ந்து, டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் அடுக்களையில் பாத்திரம் கழுவி, தம்பியைக் கூப்பிட்டு எடுத்து, படிக்க வைத்து, கலாநிதிப் பட்டம் வாங்கும் வரைக்கும் விட்டுக்கொடுக்காமல் நின்றவர் அவர். அந்த அக்காவின் பெயர் எதிலும் இல்லை. கோயிலில் அவரை "வின்சன்டின்ர அக்கா" என்பார்கள், அதற்கு முந்தி, மகனின் பெயரால், "றொசானின்ர அம்மா" என்றார்கள், பாத்திரம் கழுவிய இடத்தில் வெறும் "மதாம்" என்றார்கள். மார்கழியில் ஒரு நத்தார் விருந்தில் வின்சன்ட் எல்லோருக்கும் முன்னால், தான் கண்டுபிடிக்கப் போகிற உயிருக்கு அக்காவின் பெயர்தான் என்று சொன்னார். இலத்தீனில் பிலோமினே என்று வரும், உலகம் அழியும் வரைக்கும் புத்தகத்தில் இருக்கும் என்றார்.

"கிருமிக்கோ?" என்று கேட்டார் பிலோமினம்மா.

"கிருமி இல்லை அக்கா. நல்ல சாதி. மருந்து தாற சாதி."

அக்கா அன்றிரவு முழுவதும் அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்தபோது பங்கு முழுவதற்கும் தெரியும்.

இந்த முறை வின்சன்ட் தெரிந்தெடுத்த இடம் கமுரஸ்கா. நதி கடலாகிற பக்கத்தில் உள்ள உப்புச் சதுப்பு அது. நாளுக்கு இரண்டு முறை உப்புத் தண்ணீர் ஏறும், குளிர்காலத்தில் பனிக்கட்டி வந்து நிலத்தையே வழித்துக்கொண்டு போகும். அங்கேயும் ஒரு பூண்டு பிடிவாதமாக முளைக்கிறது. கணுக்கணுவாக, சதைப்பற்றாக, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். மன்னாரில் உமரி என்போமே, அதே குடும்பம். ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அன்டனின் வான் வண்டியில் புறப்பட்டார்கள். அன்டன் பக்கத்துத் தெருக்காரர், வாயும் வானும் எப்போதும் திறந்திருக்கும் நல்ல மனிதர்.

விடியற்காலையிலேயே அக்கா கட்டுச்சோற்றோடு வந்துவிட்டார். சோற்றை வானுக்குள் வைத்துவிட்டு, வேர் போடுவதற்கு வின்சன்ட் கொண்டுபோகிற பைகள் இருந்த பெட்டியின் மேல் குனிந்து, கண்ணை மூடி, ஏதோ செபித்தார். யாரும் கவனிக்கவில்லை. அக்கா எதன் மேலும் குனிந்து செபிப்பார். புதுக் கார், புதுக் குளிர்சாதனப் பெட்டி, றொசான் கணக்குச் சோதனைக்குக் கொண்டுபோன பேனை, ஒன்றும் தப்பியதில்லை.

சதுப்பில் முழங்கால் வரை சேற்றில் புதைந்து வின்சன்ட் பூண்டு பிடுங்குவதை அன்டன் கரையில் நின்று பார்த்தார்.

"அண்ணை, இது எங்கட உமரியெல்லோ? இதுக்கோ இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?"

"உமரிதான். ஆனால் ஐசுக்கை கிடந்து தப்பின உமரி. இதுக்குள்ளை இருக்கிறவரும் லேசுப்பட்ட ஆளா இருக்கமாட்டார்."

திரும்பி வரும்போது, வானின் இருக்கையெல்லாம் சேறாகிவிட்டதைக் கண்டு அன்டனின் முகம் சற்று வாடியது. வின்சன்டுக்கு அது பொறுக்கவில்லை. "அன்டன், ஏதும் அகப்பட்டால் உம்மடை பேர்தான் வைக்கிறது. ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். அன்டன் சொல்லவில்லை. மனைவிக்கும், மச்சானுக்கும், வேலை செய்யும் உணவகத்தின் சமையலறைக்காரர்களுக்கும் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

இனி, ஆய்வுகூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இங்கேதான் ஆள் மாட்டப் போகிறார். வேருக்கு உள்ளே இருப்பதைத்தான் தேடுகிறோம். வெளியே ஒட்டியிருப்பது வேண்டாம். ஆகவே வேரை முதலில் மதுசாரத்தில் முக்கி, பிறகு துணி வெளுக்கிற ஜாவெல் தண்ணீரில் முக்கி, பிறகு சுத்தமான தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுவார்கள். அதன் பிறகு வேரை நசுக்கி, கூழ் ஊற்றிய தட்டில் தடவி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். கடைசியாக அலசிய தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வேறொரு தட்டில் விட்டு வைக்க வேண்டும். அந்தத் தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது. முளைத்தால் வேரின் வெளிப்புறம் சுத்தமாகவில்லை என்று அர்த்தம், மற்றத் தட்டில் என்ன முளைத்தாலும் நம்ப முடியாது. பிரெஞ்சில் இந்தத் தட்டைச் சாட்சி என்பார்கள்.

வின்சன்ட் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார். சாட்சித் தட்டும் வைத்தார். அதை அடுக்கின் ஆகக் கீழ்த்தட்டில், சுவரோரமாக வைத்தார். பிறகு அதைப் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தச் சாட்சி ஒரு நாளாவது வாய் திறந்ததில்லை. முழங்கால் வலியோடு குனிந்து பார்ப்பானேன்?

சில வாரங்களில், ஒரே ஒரு பையிலிருந்து வந்த வேரின் தட்டில், சுண்ணாம்புப் பொடி கொட்டியது போல ஒரு வெள்ளை வட்டம் தோன்றியது. மூடியைச் சற்றுத் தூக்கினால் மழை பெய்த வாசனை. மரபணுவைப் படித்துப் பார்த்தால், உலகத்தில் அதற்கு ஆக நெருங்கிய சொந்தக்காரனிலிருந்தும் புதிய இனம் என்று சொல்லப் போதிய அளவு விலகி நின்றது. வின்சன்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. இன்னும் செய்ய வேண்டிய சோதனைகள் ஒரு முழ நீளத்துக்கு இருந்தன. அதற்குள் கிறேசுக்குச் சொல்லி, மகள் ஜெசிக்காவுக்குச் சொல்லி, ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாளுக்குப் பிரெஞ்சில் சொல்லி, கடைசியில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

பிலோமினம்மா, "அப்ப நான் மண்டபத்துக்குச் சொல்லட்டோ?" என்றார்.

நம்மவர் ஒரு காரியத்துக்கு மண்டபம் எடுத்துவிட்டால் அந்தக் காரியம் நடந்தே தீர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். இங்கே ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, பிள்ளை இன்னும் பரிசோதனையில் இருந்தது. கோயில் மண்டபம், கார்த்திகை மாதம், சனிக்கிழமை பின்நேரம். றோல்சுக்கும் பற்றிசுக்கும் சொல்லி, கேக்குக்கும் சொல்லியாயிற்று. அக்கா தனக்கென்று நீலத்தில் ஒரு சேலையும் எடுத்தார். ஆய்வுகூடத்தை நடத்துகிற பேராசிரியையையும் அழைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "அவ தானே உன்னை வேலைக்கு வைச்சிருக்கிறா. அவவும் வந்து சாப்பிடட்டும்."

பேராசிரியை கியூபெக்காரி, சிரித்த முகம், கேள்விகள் மட்டும் ஊசி. விருந்துக்கு முந்தின வியாழக்கிழமை, அழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டு, போகிற போக்கில், சாட்சித் தட்டு எப்படி என்று கேட்டார். சுத்தம் என்றார் வின்சன்ட். அப்படியானால் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வின்சன்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சுவரோரத்திலிருந்து தட்டை இழுத்து எடுத்தார். சாட்சி வாய் திறந்திருந்தது. ஒன்றல்ல, ஏழெட்டு வெள்ளை வட்டங்கள், மாவு தூவிய மாதிரி, அதே நிறம், அதே அமைப்பு. மூடியைத் தூக்காமலே அவருக்கு மழை வாசனை வந்தது.

வேருக்குள் இருந்த உயிரில்லை இது, வெளியே ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கேயிருந்து? உறைபெட்டியில் மிச்சம் வைத்திருந்த பையை எடுத்துப் பார்த்தார். கமுரஸ்காவின் சேறு சாம்பல் நிறம். இந்தப் பையின் மூலையில், சாம்பல் சேற்றுக்கு நடுவே, செந்நிறத்தில் கொஞ்சம் பொடி மண் கிடந்தது. மற்றப் பைகளில் அது இல்லை. வின்சன்ட் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நிறம் அவருக்குத் தெரியும். அவர் வீட்டுக் காரில், முன் இருக்கைக்குக் கீழே, ஒரு சின்னப் பொட்டலத்தில் அதே நிறம் இருக்கிறது.

மன்னார்ப் பக்கத்து மடுக் கோயில் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதாவின் திருத்தலத்து மண். பாம்பு கடித்தாலும் காப்பாற்றும் என்று நம்பி, போகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் முடிந்துகொண்டு வருவார்கள். பிலோமினம்மாவும் கொண்டு வந்திருந்தார். புது வீட்டு வாசற்படியில் ஒரு கிள்ளு, பிள்ளையின் தொட்டிலில் ஒரு கிள்ளு, காரில் ஒரு கிள்ளு.

ஆய்வுகூடத்து நடையில் நின்றுகொண்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, கமுரஸ்காவுக்குப் போன அண்டைக்கு, என்ர பையுக்கை ஏதும் போட்டனீங்களோ?"

"ஓமடா தம்பி. மேலை கிடந்த பையுக்கை மாதான்ர மண் ஒரு கிள்ளு போட்டனான். ஏன், வேலை செய்ததோ?"

வருடக்கணக்காகப் பாத்திரம் கழுவிய கை அந்தக் கிள்ளு மண்ணைத் தூவுவது வின்சன்டின் கண்ணுக்கு முன்னால் நின்றது. இந்தக் கைதான் காரியத்தைக் கெடுத்தது என்று அந்தக் கைக்கு எப்படிச் சொல்வது?

"செய்தது அக்கா," என்றார். "நல்லா வேலை செய்தது."

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார் பிலோமினம்மா, மிகுந்த திருப்தியோடு.

சரி, மடு மண்ணில் இருந்து வந்ததாகவே இருக்கட்டும், அதுவும் புதிய உயிர்தானே, அதற்குப் பெயர் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். வின்சன்டும் அதைத்தான் அன்று பின்நேரம் முழுவதும் தன்னையே கேட்டார். ஆனால் வெளிநாட்டு மண்ணை அனுமதி இல்லாமல் இந்த நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். எங்கேயிருந்து எடுத்தது, யார் கொண்டுவந்தது என்று எழுதாமல் எந்த உயிருக்கும் பெயர் வைக்க முடியாது. எழுதினால் அக்காவின் கைப்பையைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். ஆகவே தட்டுகள் அத்தனையையும், பையையும், செம்மண்ணையும் அள்ளி, நீராவியில் அவிக்கும் பெட்டிக்குள் வைத்து அவித்தார். வாழ்நாளில் உண்மையாகவே முதன்முதலாக அவர் கண்ட ஒன்று, இடியப்பம் அவிகிற நேரத்துக்குள் அவிந்து முடிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். தன் கைக்குழந்தையைத் தானே கொடுத்துவிட்டவர் போல அழுதார் என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அது மிகை. மூக்கைச் சிந்திவிட்டு, இரண்டு ரயிலைத் தவறவிட்டு மூன்றாவதைப் பிடித்தார்.

பேராசிரியைக்குப் படம் போகவில்லை. சாட்சித் தட்டு கெட்டுவிட்டது, பிழை தன்னுடையது, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்று ஒரு செய்திதான் போனது. அது நடப்பதுதான், விருந்து இன்னும் உண்டா என்று பதில் வந்தது.

உண்டு. மண்டபம் எடுத்தாயிற்றே.

சனிக்கிழமை மண்டபத்தில் பங்குச் சனம் முழுவதும் இருந்தது. நடு மேசையில் கேக், வெள்ளை ஐசிங்கில் வட்டம் வட்டமாக, பார்த்தால் அந்தத் தட்டேதான். வின்சன்டுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. கேக்கின் மேல் நீல எழுத்தில் பிலோமினே என்று இருந்தது. அன்டன் கேக்குக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். எழுத்துக் கூட்டி வாசித்தார். கேக்கின் மறுபக்கத்துக்குப் போய், அங்கே ஏதும் எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தார்.

வின்சன்டை ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முன் வரிசையில் நீலச் சேலையில் அக்கா, பக்கத்தில் கையில் பற்றிசோடு பேராசிரியை, அவருக்கு மொழிபெயர்க்க ஜெசிக்கா.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் வின்சன்ட். "நான் கண்டது புதுசு இல்லை. ஒரு பிழை நடந்திட்டுது. நான் கையை வடிவாக் கழுவாமல் வேலை செய்திட்டன். அது வேருக்கை இருந்து வந்ததில்லை. பேர் வைக்க ஒண்டும் இல்லை."

கையைச் சரியாகக் கழுவாத விஞ்ஞானி என்ற பெயர் இனிச் சாகும் வரைக்கும் தன்னோடு வரும் என்று வின்சன்டுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து அளந்து, யோசித்து, தனக்கு நட்டமாக வந்த முதல் பொய் அது.

"அப்ப ஒருத்தற்றை பேருமே இல்லையோ அண்ணை?" என்று பின்னாலிருந்து அன்டன் கேட்டார்.

"ஒருத்தற்றையும் இல்லை."

"அப்ப சரி. கேக்கை வெட்டுங்கோ."

பிலோமினம்மா எழும்பினார். முகத்தில் என்ன இருக்கிறது என்று வின்சன்டால் படிக்க முடியவில்லை. நேராக வந்து, தம்பியின் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார். மண்டபத்தில் அவர் ஒலிவாங்கி பிடித்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி கவலைப்படுறான். கவலைப்பட ஒண்டும் இல்லை," என்றார். "அவன் போன அண்டைக்கு மாதான்ர மண் ஒரு கிள்ளு நான் பையுக்கை போட்டுவிட்டனான். அதாலைதான் இவ்வளவெண்டாலும் வந்தது. போடாட்டி இதுவும் வந்திராது."

சனம் கை தட்டியது. சிலர் சிலுவை அடையாளமும் போட்டார்கள். விஞ்ஞான முறைப்படி பார்த்தால் அன்று அந்த மண்டபத்தில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதை விளங்கிக்கொண்டவர் ஒருவரே ஒருவர், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேராசிரியை ஜெசிக்காவின் பக்கம் சாய்ந்து, அத்தை என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சில் கேட்டார். வின்சன்ட் மகளின் வாயையே பார்த்தார். ஜெசிக்கா வாயிலிருந்த றோல்சை மென்று விழுங்கினாள். தமிழில் எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் அவள் பிரெஞ்சில் ஒரு வரிக்கு மேல் கொடுப்பதில்லை.

"அத்தை செபித்தாராம்," என்றாள்.

பேராசிரியை மிகவும் மரியாதையாகத் தலையசைத்து, இரண்டாவது பற்றிசை எடுத்தார். பிலோமினம்மா கேக்கை வெட்டி, தன் பெயரின் முதல் எழுத்து இருந்த துண்டைத் தம்பிக்கு ஊட்டிவிட்டார். இளவேனிலில் வின்சன்ட் மறுபடியும் கமுரஸ்கா போகிறார். இந்த முறை எல்லாப் பைக்குள்ளும் ஒவ்வொரு கிள்ளு போடுவதாக அக்கா சொல்லியிருக்கிறார். போன முறை ஒரு பைக்குள் மட்டும் போட்டதுதான் பிழை என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். பைகளை எங்கே ஒளிப்பது என்பதுதான் இப்போது வின்சன்டின் ஆராய்ச்சி.

எல்லாம் சரி, வின்சன்ட் மறைத்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்பீர்கள். கண்டதைச் சொல்லாமல் இருப்பது ஒரு முதற்கண்டோனுக்கு எவ்வளவு பெரிய வாதை என்று எண்ணிப் பாருங்கள். மாசி மாதம் வரைக்கும் தாக்குப் பிடித்தார். பிறகு கிறேசிடம் மட்டும் சொன்னார், "ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றுதான் சொன்னார். இன்றைக்குப் பியர்பொன்ட்சில் தொடங்கி புரோசார்ட் வரைக்கும் இது தெரியாத வீடு குறைவு. எனக்கு முதலிலேயே தெரியும், அது வேறு கதை. பிலோமினம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, நீலச் சேலையில், எல்லோரோடும் சிரித்துக் கதைக்கிறார். இப்போதெல்லாம் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

நீங்களும் அவரை எங்காவது சந்திக்கக்கூடும். சந்தித்தால், சுகமா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுங்கள். போக முடியுமா? நாக்கின் நுனியில் இலேசாக ஒரு அரிப்பு, மற்றவர் யாரும் முந்துவதற்குள் இந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று ஓர் எண்ணம்? அப்படியானால் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இனம் எதுவென்று நான் முதலே கண்டுவிட்டேன்.